பலகைக்குக் கீழே ஒரு குளம்

தேனிப் பக்கத்து நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், ஒருமுறை வருசநாட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஆண்டிபட்டியைத் தாண்டி கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று போய்க்கொண்டே இருந்தால் மலைகள் மெள்ள நெருங்கி வந்து சூழ்ந்துகொள்ளும். வைகை பிறக்கிற பூமி அது. ஆனால், ஆற்றை எட்டிப் பார்த்தால் பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும். 'மூல வைகை' என்று கம்பீரமாகப் பெயர் வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்துக் கிடக்கிற ஆறு!

அந்த மலை முகட்டில் விழுகிற மழைத்துளிக்கு ஒரு விசித்திரமான தலையெழுத்து உண்டு. கிழக்கே உருண்டால் வைகை. மேற்கே உருண்டால் பெரியாறு. ஒரு முழ அகலம்தான் வித்தியாசம். அப்படி மேற்கே போன துளி, 1895 வரை நேராக அரபிக்கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. கர்னல் பென்னிகுக் அணையைக் கட்டி அதை மடக்கினார். மலையைக் குடைந்து, சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பி விட்டார். அந்த வருடம் அக்டோபர் 10-ம் தேதி சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மறிக்கப்பட்ட தண்ணீர் காட்டுக்குள் பரவி நின்றது. அதுதான் இன்றைக்கு நாம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற தேக்கடி ஏரி. அன்றைக்கு மூழ்கிய காட்டு மரங்களின் பட்டுப்போன கட்டைகள் இப்போதும் ஏரிக்குள் நின்றுகொண்டிருக்கின்றன.

கடலையே பார்க்காத இந்த மலைநாட்டுக்குப் படகு எப்படி வந்தது? அணை கட்டும்போதே வந்துவிட்டது. ரயிலில் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷன் வரை வந்த சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றி, பள்ளத்தாக்கு முழுக்க நடத்திக் கூட்டிவந்து, மலைமேல் ஏற்றினார்கள். தேக்கடியிலிருந்து அணை கட்டும் இடம் வரைக்கும் அடர்ந்த காடு. ரோடு போடுவது பெரும்பாடு. அதனால், ஓடையை வாய்க்காலாக்கி, பிறகு ஆற்றிலேயே இறக்கிப் படகில் சரக்கு கொண்டுபோனார்கள். இன்றைக்கும் அணைக்குப் போகிற தமிழக அதிகாரிகள் தேக்கடியில் படகேறித்தான் போகிறார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. தேக்கடியில் படகு ஏறியிருப்பீர்கள். ஏறியதும் எங்கே பார்த்தீர்கள்? கரையை. யானை தெரிகிறதா, காட்டெருமை தெரிகிறதா என்று. கால் வைத்திருக்கிற பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எப்போதாவது யோசித்தது உண்டா?

நான் யோசித்ததில்லை... 2009 வரை!

அந்த வருடம் செப்டம்பர் 30-ம் தேதி சாயங்காலம். கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டு தட்டுப் படகு, ஏரியில் கவிழ்ந்தது. டெல்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் இன்னும் பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள்... 45 பேர் இறந்துபோனார்கள். குமுளிக்கு இந்தப் பக்கம், கம்பம், கூடலூரில் அன்றிரவு யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். கூப்பிடு தூரத்தில் நடந்த சாவு அல்லவா!

ஜலகன்யகா பழைய படகு அல்ல. தண்ணீரில் இறக்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஓட்டை விழுந்து முழுகவும் இல்லை. சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. கரையில் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமாக நகர்ந்ததைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். படகின் அமைப்பைப் பற்றியும், மேல்தட்டில் ஏறிய கூட்டத்தைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. நீதிபதி மொய்தீன் குஞ்ஞு தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது.

அந்தச் செய்திகளைப் படித்தபோது என் மனதில் தைத்தது ஒன்றுதான். ஒரு படகு தாங்குகிற கனம் வேறு, அந்தக் கனம் நகர்வது வேறு. 75 பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது ஒரு கணக்கு. அவர்களில் பாதிப் பேர் எழுந்து ஒரு பக்கம் போனால் அது முற்றிலும் வேறு கணக்கு. மேல்தட்டில் ஆட்கள் செய்கிற இதே வேலையை, யார் கண்ணுக்கும் தெரியாமல் பலகைக்கு அடியில் ஒன்று செய்துகொண்டே இருக்கும். தேங்கி நிற்கிற தண்ணீர்!

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாமா? ஒரு மோட்டார் படகின் தரைப்பலகைக்குக் கீழே 20 அடி நீளம், 6 அடி அகலத்துக்கு இடம் இருக்கிறது. அதில் வெறும் நாலு அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். கணுக்கால் அளவு ஆழம். 'கொஞ்சம் ஈரமா இருக்கு, அவ்வளவுதானே' என்று தோன்றும். ஆனால், அது சுமார் 1,130 லிட்டர். ஒரு டன்னுக்கும் மேல். ஆளுக்கு 60 கிலோ என்றால், ஏறக்குறைய 19 பேர் டிக்கெட் வாங்காமல் பலகைக்கு அடியில் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே உட்கார்ந்து தலையை எண்ணுகிறவர் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள்.

'அடியில் கனம் இருந்தால் நல்லதுதானே சார், படகு ஆடாதே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாய்மரக் கப்பல்களில் அடிப்பாரமாகக் கல்லும் மணலும் போட்டது அதற்குத்தான். ஆனால், கல் போட்ட இடத்தில் கிடக்கும். தண்ணீர் கிடக்காது. படகு இடதுபக்கம் லேசாகச் சாய்ந்தால், தண்ணீர் மொத்தமும் இடதுபக்கம் ஓடும். ஓடிய கனம் படகை இன்னும் சாய்க்கும். சாய்ந்தால் இன்னும் கொஞ்சம் ஓடும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஏந்திக்கொண்டு நாலு அடி நடந்து பாருங்கள், புரிந்துவிடும். தண்ணீர் லாரி ஓட்டுகிறவரைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்: "முழு டேங்க்கை இழுத்துட்டுப் போயிரலாம்ணே. அரை டேங்க் இருக்கு பாருங்க, அதுதான் வளைவுல வண்டியத் தள்ளும்."

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தண்ணீர் பரவி நிற்கிற அகலத்துக்கு நடுவில் நீளவாக்கில் ஒரே ஒரு தடுப்பு வைத்துவிட்டால், இந்தச் சாய்க்கிற சக்தி நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பாதி அல்ல, கால்! தண்ணீரின் அளவு அதேதான். அது ஓடுகிற தூரம்தான் குறைந்தது.

1987 மார்ச் 6-ம் தேதி, பெல்ஜியத்தின் ஸீப்ரூகா துறைமுகத்திலிருந்து 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பல் கிளம்பியது. கார்களை ஏற்றிச்செல்கிற கப்பல். முன்பக்கக் கதவை மூட மறந்துவிட்டார்கள். கார்கள் நிற்கிற தட்டில் கடல் புகுந்தது. அது தடுப்பே இல்லாத பெரிய மைதானம் மாதிரி இருக்கும். புகுந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓட, சில நிமிஷங்களில் கப்பல் சாய்ந்து படுத்துவிட்டது. 193 பேர் போய்விட்டார்கள். அத்தனை பெரிய கப்பலுக்கே அந்தக் கதி!

மனுஷன் படகு கட்டிய நாளிலிருந்து இந்த உள்தண்ணீரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், சிசிலியில் சிராக்யூஸ் நகரத்தின் அரசன் இரண்டாம் ஹீரோன் ஒரு பிரமாண்டமான கப்பல் கட்டினான். உள்ளே தோட்டம், உடற்பயிற்சிக்கூடம், கோயில் எல்லாம் இருந்ததாம். அவ்வளவு பெரிய கப்பலின் அடிவயிற்றில் சேர்கிற தண்ணீரை யார் இறைப்பது? ஆர்க்கிமிடீஸின் திருகு இயந்திரத்தை வைத்து ஒரே ஒரு ஆள் இறைத்துவிட்டான் என்று அதினேயஸ் எழுதிவைத்திருக்கிறார். கமலை இறைத்த நம் பள்ளத்தாக்குப் பெரியவர்கள் இதைக் கேட்டால், "மாடே வேணாமா?" என்று ஆச்சர்யப்பட்டிருப்பார்கள்.

நம்முடைய ஆட்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். கட்டுமரத்தைப் பாருங்கள். நாலைந்து கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையவே கிடையாது! அலை மேலே ஏறும். கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். தேங்குவதற்கு இடம் இருந்தால்தானே தேங்கும்? ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரையே தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால், இன்றைக்கு 'கேட்டமரான்' என்று அவர்கள் சொல்கிற படகில் இரண்டு உடல், இரண்டுக்கும் தனித்தனி வயிறு. கட்டுமரத்தின் புத்திசாலித்தனம் பெயரோடு சேர்ந்து போகவில்லை!

சென்னைக்கு ஒழுங்கான துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பலிலிருந்து ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்த மசூலா படகு இன்னொரு ரகம். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்கும். தைத்த இடத்தில் தண்ணீர் கசியத்தான் செய்யும். அது அவர்களுக்குத் தெரியும். அதனால் இறைப்பதற்கென்றே படகில் ஆள் இருப்பான். 'கசியாத படகு' என்று யாரும் அங்கே பொய் சொல்லவில்லை.

சீனர்களின் வழி மூன்றாவது. 1974-ல் சீனாவின் சுவான்ஜோ கடற்கரைச் சேற்றிலிருந்து, சோங் வம்ச காலத்துக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அதன் வயிற்றை 12 குறுக்குச் சுவர்கள் வைத்து 13 அறைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு அறையில் ஓட்டை விழுந்தால் அந்த அறையோடு போகும். மார்க்கோ போலோவும் இந்த மாதிரிக் கப்பல்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சுவர்களின் அடியில் சின்னத் துவாரங்கள் விட்டிருந்தார்கள் என்பதுதான் அழகு. கொஞ்சமாகச் சேர்கிற தண்ணீர் அந்தத் துவாரங்கள் வழியே ஓர் இடத்துக்கு வடிந்து வரும்; அங்கிருந்து இறைத்துவிடலாம். பெரிய வெள்ளம் வந்தால் துவாரத்தை அடைத்துவிட்டால் போச்சு. அந்தக் கப்பலில் மிளகும் இருந்தது. எந்த மலை மிளகோ! அதே சுவான்ஜோவில், 1281-ல் நம் ஆட்கள் சிவன் கோயில் கட்டித் தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் சிலராவது இந்தத் தடுப்புகளைப் பார்த்து, 'இதென்னய்யா பீரோ மாதிரி!' என்று பேசியிருக்க மாட்டார்களா?

மரக்கப்பல் காலத்து மாலுமிகளிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. அடித்தண்ணீர் நாற்றமெடுத்தால் கவலைப்படாதே. நாறாமல் இருந்தால் பயப்படு! ஏன் தெரியுமா? நாறுகிறது என்றால் பழைய தண்ணீர். புதுசாக எதுவும் உள்ளே வரவில்லை. நாறவில்லை என்றால் கடல் எங்கிருந்தோ சுத்தமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

பழைய கப்பலை வாங்கிப் பெயிண்ட் அடித்துப் புதுப் பெயர் வைத்து ஓட்டுகிற வியாபாரம் ஒன்றும் புதுசில்லை. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவற்றுக்கு 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே பெயர். அளவுக்கு மேல் சரக்கு ஏற்றுவார்கள். நன்றாக இன்ஷூரன்ஸ் செய்துவிடுவார்கள். வந்தால் லாபம், முழுகினாலும் நஷ்டமில்லை. மாலுமி செத்தால்? அது அவன் விதி! சாமுவேல் ப்ளிம்சால் என்ற எம்.பி. இதை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடினார். 1875-ல் பார்லிமென்ட்டிலேயே கோபம் தாங்காமல் கத்தித் தீர்த்தார். அடுத்த வருடம் சட்டம் வந்தது. கப்பலின் வெளிப்பக்கத்தில், 'இதற்கு மேல் அமிழக்கூடாது' என்று ஒரு கோடு. இன்றைக்கும் கப்பல்களில் அதை 'ப்ளிம்சால் கோடு' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் கோட்டின் மேன்மை என்ன தெரியுமா? அது கப்பலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. சரக்கோ, ஆளோ, திருட்டுத்தனமாகச் சேர்ந்த தண்ணீரோ... எதுவாக இருந்தாலும் கோடு அமிழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும்!

அதனால்தான், பழைய மோட்டார் படகு வாங்கப்போகிற ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல. ஆளில்லாமல் மிதக்கும்போது, வெளியே பாசி படிந்த பழைய கோடு எங்கே இருக்கிறது, இப்போது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? பின்பக்கம் அமுங்கியிருக்கிறதா? இரண்டாவது, கரையில் ஏற்றி, அடியில் இருக்கிற வடிகால் அடைப்பைத் திறந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கொட்டி நின்றால் சரி. மறுநாளும் சொட்டிக்கொண்டிருந்தால், எங்கேயோ அகப்பட்டுக்கொண்ட தண்ணீர் இருக்கிறது.

எங்கே அகப்படும்? மரப்படகில், விலா எலும்பு மாதிரி வரிசையாக வங்குக்கட்டைகள் இருக்கும். சீனக் கப்பலில் இருந்ததுபோலவே அவற்றின் அடியில் சின்னத் துவாரங்கள் விட்டிருப்பார்கள். ஒரு தென்னங்கீற்றுத் துணுக்கு, ஒரு முறுக்குப் பாக்கெட்... அது போதும் துவாரத்தை அடைக்க! அதன்பிறகு ஒவ்வொரு இரண்டு கட்டைக்கு நடுவிலும் தனித்தனிக் குட்டை. பின்னால் இருக்கிற பம்பு காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பழைய படகுக்காரர்கள் அந்தத் துவாரங்கள் வழியே ஒரு சங்கிலியைக் கோத்து வைத்திருப்பார்கள். அவ்வப்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் அடைப்பு எல்லாம் விலகிவிடும்.

ஃபைபர் படகு வந்த பிறகு கதை மாறியது. தரைக்கு அடியில் இருக்கிற வெற்றிடத்தில் நுரைப் பஞ்சை ஊற்றி அடைத்துவிட்டார்கள். படகு உடைந்தாலும் முழுகாது என்பது கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால், மேலே ஸ்குரூ முடுக்கிய ஓட்டை வழியாக, விரிசல் வழியாக, வருஷக்கணக்கில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அந்தப் பஞ்சு ஊறிவிடும். முழுகாமல் காக்க வந்த பொருளே நிரந்தரப் பாரமாகிப் போகும்! பம்பு வைத்தால் வராது; வெயிலில் காயவைத்தாலும் சுலபத்தில் போகாது. தரையை அறுத்து, ஊறியதை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைப்பது ஒன்றுதான் வழி. படகை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். புதிதாக இருந்தபோது இருந்த எடையைவிட எத்தனை நூறு கிலோ கூடியிருக்கிறதோ, அத்தனையும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

தேக்கடி, வைகை அணை மாதிரியான நல்ல தண்ணீரில் ஓடுகிற மரப்படகுக்கு இன்னொரு தொல்லை. கடல்தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் உளுக்க வைக்கும். உப்பு பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும். அந்தக் காலத்தில் மரக்கப்பல் கட்டும்போது, சட்டங்களுக்கு நடுவில் கல்லுப்பையே கொட்டி வைப்பார்களாம். ஊறுகாய் மாதிரி!

2002 ஜூலை 27-ம் தேதி வேம்பநாட்டு ஏரியில், முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகு முழுகியது. 29 பேர் இறந்தார்கள். பலர் பி.எஸ்.சி. பரீட்சை எழுதப்போன இளைஞர்கள். உத்தியோகக் கனவோடு ஹால் டிக்கெட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஏறியவர்கள். 2023 மே 7-ம் தேதி தானூரில் 'அட்லாண்டிக்' என்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர். குழந்தைகள் நிறைய. அது மீன்பிடிப் படகாக இருந்து, சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மீன் ஏற்றுகிற படகில் கனம் அடிவயிற்றில், ஐஸோடு இறுகிக் கிடக்கும். அதையே ஆள் ஏற்றுகிற படகாக்கி மேலே ஒரு தட்டும் கட்டினால், கனம் உச்சிக்குப் போய்விடும். போதாததற்கு எழுந்து நடக்கவும் ஆரம்பித்துவிடும். பெயிண்ட் எல்லாம் புதுசுதான். ப்ளிம்சால் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

மறுபடி தேக்கடிக்கு வருவோம். முல்லைப் பெரியாறு அணைக்குப் போய்வர, தமிழகப் பொதுப்பணித் துறை 'தமிழன்னை' என்று ஒரு புதுப்படகு வாங்கியது. கேரளத்தின் அனுமதி கிடைக்காமல் அது வருஷக்கணக்கில் தேக்கடியிலேயே கட்டிக் கிடந்தது. அரசியலை விடுங்கள். ஓடாமல் கட்டிக் கிடக்கிற படகு என்னாகும் என்று எந்தப் படகுக்காரரையும் கேட்டுப் பாருங்கள். ஓடுகிற படகில் தினமும் ஒருவர் பலகையைத் தூக்கிப் பார்ப்பார். கிடக்கிற படகை மழை மட்டும்தான் எட்டிப் பார்க்கும்.

அடுத்த முறை ஜூன், ஜூலையில் போனால், முதல் டிரிப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே படகுத்துறைக்குப் போய்விடுங்கள். எங்கேயாவது ஒரு படகில், யாராவது ஒருவர் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, குனிந்து நின்று இறைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ராத்திரி பெய்த மழை. அவர் கையில் பெரும்பாலும் பாதியாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் கேனோ, பழைய பெயிண்ட் டப்பாவோதான் இருக்கும். அவர் அள்ளி வீசுகிற தண்ணீர் ஏரியில் விழுந்து, சுரங்கத்தில் நுழைந்து, லோயர் கேம்ப் இறங்கி, கூடலூர் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.